பிழை பொறுக்கும் டிரைவர்: மிதமான வீச்சும் நுவரெலியாவின் மெல்லிய காற்றும்

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தரான என் நண்பர் ஒருவர், தம் கோல்ஃப் மட்டையான டிரைவரின் முகத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டு நுவரெலியாவில் ஒரு காலைப் பொழுதில் பத்துப் பந்துகளை அடித்தார். பந்து பட்ட இடத்திலெல்லாம் பவுடர் அகன்று, பத்துச் சிறு வட்டங்கள் தெரிந்தன. நடுப்புள்ளியை ஒட்டி இருந்தவை இரண்டுதான். ஐந்து தண்டு பொருந்தும் குதிப்பக்கமாகவும், மூன்று முகத்தின் அடிவிளிம்பை ஒட்டியும் கிடந்தன. அவர் கேட்க வந்ததோ, எந்தப் புதிய டிரைவர் அதிக தூரம் போகும் என்பது. பையைச் சுமந்துவந்த கெடி மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, நல்லாப் பட்ட ரெண்டையும் விடுங்க. மோசமாப் பட்டது எங்க போச்சுன்னு மட்டும் பாருங்க," என்றார். இந்தக் கட்டுரையில் நான் விளக்க முயல்வது அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் இருக்கும் பௌதிகவியலைத்தான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பேருந்து ஓட்டுபவரை எழுத்தில் நாம் சாரதி என்று குறிப்பிடுவதால், டிரைவர் என்ற சொல் நம்மிடம் கோல்ஃப் பையில் உள்ள நீளமான மட்டைக்கென்றே மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும், பந்தை டீ எனப்படும், தரையில் ஊன்றும் சிறு குச்சியின் மேல் வைத்து முதல் அடியை அடிப்பதற்குப் பெரும்பாலும் பயன்படுவது அதுவே. பையிலுள்ள எல்லா மட்டைகளிலும் நீளமானதும், பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டரை விட்டால் முகம் மிகக் குறைவாகச் சாய்ந்ததும் அதுதான் என்பதால், பிழை மிகப் பெரிதாகத் தெரிவதும் அதில்தான்.

மிதமான வீச்சு என்பது எவ்வளவு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ட்ராக்மேன் ராடார் கருவியின் நீண்டகாலச் சராசரிகளின்படி, அமெரிக்கத் தொழில்முறை ஆண்களின் டிரைவர் தலை பந்தை அடிக்கும் கணத்தில் மணிக்கு ஏறத்தாழ 113 மைல் வேகத்தில் செல்கிறது. தொழில்முறைப் பெண்களுடையது ஏறத்தாழ 94 மைல். பொழுதுபோக்காக ஆடும் சராசரி ஆணின் வேகமும் இந்த இரண்டாவது எண்ணை ஒட்டியதுதான். வயது ஐம்பதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆடுபவர்களும் 80க்கும் 90க்கும் இடையில் இருப்பார்கள். தொலைக்காட்சியில் ஆண்களைப் பார்த்து அவர்களுடைய டிரைவரை வாங்கிவிடுகிறோம்; நாம் பார்த்திருக்க வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். நம் வேகத்திலேயே வீசும் அவர்களுடைய பந்து காற்றில் மட்டும் ஏறத்தாழ 218 கஜம் பறக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு, பந்து உருண்டு நின்ற பிறகும் அந்தத் தூரம் கைகூடுவதில்லை. வேகம் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் வேறெங்கோ இருக்க வேண்டும். ஒன்று, அவர்கள் முகத்தின் நடுவில் அடிக்கிறார்கள். மற்றொன்று, பந்தைச் சரியான கோணத்தில் மேலே அனுப்புகிறார்கள். நல்ல டிரைவர் இந்த இரண்டுக்கும் ஓரளவு துணை நிற்கும். முழுமையாக எதையும் செய்து தராது.

நடுவில் படுவதன் மதிப்பை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். மையத்தில் பட்ட பந்து, மட்டைத் தலையின் வேகத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் புறப்படுகிறது. 85 மைல் வீச்சில் அது 126 மைல் அளவுக்கு வரும். விளிம்பில் பட்டு அந்த மடங்கு 1.38 ஆகக் குறைந்தால், பந்தின் வேகம் 117 மைலாகிறது. பந்தின் வேகத்தில் ஒரு மைல் குறைவதற்குத் தூரத்தில் சுமார் 2 கஜம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், வீச்சில் எந்த மாற்றமும் இல்லாமலே 18 கஜம் காணாமல் போகிறது. இதே 18 கஜத்தை உடல் வலிமையால் மீட்க வேண்டுமானால், வீச்சு வேகத்தை ஆறேழு மைல் கூட்ட வேண்டும். அறுபது வயதில் அதைச் செய்யப் போகிறவர் யார்?

இனி, பிழை பொறுக்கும் மட்டை எந்தப் பிழையைப் பொறுக்கும் என்ற கேள்வி. இங்கேதான் விளம்பரங்களும் விற்பனையாளர்களும் நம்மைக் குழப்புகிறார்கள். டிரைவர் அடியில் இரண்டு வேறுபட்ட பிழைகள் உண்டு. முதலாவது, முகம் வேறு திசையைப் பார்த்தபடி பந்தை அடைவது. பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதில் ஏறத்தாழ 85 வீதத்தை முகம் பார்க்கும் திசையே தீர்மானிக்கிறது. வீச்சின் பாதைக்கு எஞ்சிய சிறு பங்குதான். முகம் 2 பாகை வலப்பக்கம் திறந்திருந்தால், 200 கஜத்தில் அது மட்டுமே பந்தை 7 கஜம் விலக்கிவிடும். அதன் மேல் பக்கச் சுழற்சியால் வரும் வளைவு வேறு. இது கையும் தோளும் செய்யும் பிழை. எந்த மட்டையும் இதைப் பெரிதாகத் திருத்தாது. இரண்டாவது, முகம் நேராக வந்தும் பந்து மையத்தில் படாமல் விலகிப் படுவது. அப்போது தலை பந்தின் அடியைத் தாங்க முடியாமல் தன்னைச் சுற்றித் திரும்புகிறது. வேகமும் திசையும் ஒருசேரக் கெடுகின்றன. பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிசெக்கன்தான் என்பதால், அந்த இடைவெளியில் நம் கைகள் எதையும் சரிசெய்ய இயலாது. தலை தன் சொந்த எடையால்தான் எதிர்த்து நிற்க வேண்டும். பொறுக்கப்படுவது இந்த இரண்டாவது பிழைதான்.

அந்த எதிர்ப்புக்கு உயர்தரப் பௌதிகவியலில் சடத்துவத் திருப்பம் என்று பெயர். காவுதடியைத் தோளில் வைத்துத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை. இரண்டு வாளிகளையும் தடியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு நடக்கையில், சட்டென்று திரும்ப நினைத்தால் தடி இடம்கொடுக்காது. அதே வாளிகளைத் தோளுக்கு அருகே இழுத்துக் கட்டினால் லேசாகத் திரும்பிவிடும். எடை அதேதான், இருக்கும் இடம்தான் வேறு. டிரைவர் செய்பவர்களும் இதையே செய்கிறார்கள். ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள தலையில் முடிந்த அளவு எடையை விளிம்புகளுக்கும் பின்புறத்துக்கும் தள்ளுகிறார்கள். அதனால் குதிப்பக்கம் பட்டாலும் நுனிப்பக்கம் பட்டாலும் முகம் குறைவாகவே திரும்பும். நம் மோசமான அடிக்கும் நல்ல அடிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

மரத்தாலான தலைகள் இருந்த காலத்தில் இது முடியாத காரியம். பழைய டிரைவர்களின் தலை பெர்சிமன் மரத்தில் கடைந்தெடுக்கப்பட்டது. அந்த மரம் நம் கருங்காலிக்கும் பனிச்சைக்கும் ஒரே பேரினத்து உறவு என்பதை, மரவேலை தெரிந்தவர்கள் அதன் கடினத்தைக் கொண்டே ஊகித்துவிடுவார்கள். திண்மையான மரக்கட்டையில் எடையை விளிம்புக்குத் தள்ள வழியில்லை. 1979 இல் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கிய கேரி அடம்ஸ் உள்ளீடற்ற எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1991 இல் கலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா டிரைவர் தலையின் பருமனைக் கூட்டியது. எஃகைவிட அடர்த்தி வெகுவாகக் குறைந்த டைட்டேனியம் 1990களின் நடுவில் பரவிய பிறகு, அதே எடைக்குள் இன்னும் பெரிய தலை சாத்தியமானது. பிறகு விதிகளை வகுக்கும் அமைப்புகள் தலையிட்டன. தலையின் கனவளவு 460 கன சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. குதிக்கும் நுனிக்கும் இடையிலான சடத்துவத் திருப்பம் 5,900 கிராம் சதுர சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. முகத்தின் துள்ளலுக்கும் தனி எல்லை உண்டு.

இந்த எல்லைகளை நினைவில் வைத்திருப்பது பணப்பைக்கு நல்லது. 2024 இல் பிங்கும் டெய்லர்மேடும் "10கே" என்ற எண்ணைப் பெரிதாக முன்வைத்துப் புதிய டிரைவர்களை வெளியிட்டன. அந்தப் பத்தாயிரம் என்பது கிடைத்திசை, நிலைத்திசை ஆகிய இரண்டு அச்சுகளின் மதிப்புகளைக் கூட்டி வந்த தொகை. விதி கட்டுப்படுத்துவது அதில் ஒன்றை மட்டுமே. 2018 இல் வந்த பிங் ஜி400 மெக்ஸ் அந்தக் கூட்டுத்தொகைக்கு அப்போதே மிக அருகில் வந்துவிட்டது. முகத்தின் துள்ளலோ அதற்கும் முன்பே எல்லையைத் தொட்டிருந்தது. ஆகவே ஆறேழு ஆண்டுகள் பழைய, நல்ல நிலையிலுள்ள பெரிய தலை ஒன்று நம் மோசமான அடியைப் பொறுக்கும் விதத்தில் புதியதைவிடப் பெரிதாகப் பின்தங்கிவிடாது என்பது என் கணிப்பு. முகத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும், தலையை ஆட்டினால் உள்ளே எதுவும் உருள்கிறதா என்றும் பார்த்துக்கொண்டால் போதும். மிச்சமாகும் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

மலையகத்துக்கே உரிய பகுதி இனித்தான் வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். இங்குள்ள குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கினாலும், கொழும்பின் வெக்கையான காற்றோடு ஒப்பிட்டால் நுவரெலியாவின் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. 1889 இல் இங்கே கோல்ஃப் கழகத்தைத் தொடங்கிய பிரித்தானியர் பந்து மலையில் அதிகத் தூரம் போவதைக் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடும். உயரத்தால் வரும் இந்த ஆதாயம், பந்தை வேகமாகவும் நடுவிலும் அடிப்பவருக்கு 6 அல்லது 7 வீதம் என்பது பொதுவான மதிப்பீடு.

மிதமான வீச்சுக்காரருக்கு அது அவ்வளவு கிடைப்பதில்லை என்பதைத்தான் பலர் அறிவதில்லை. பறக்கும் பந்தின் மேல் காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது: பின்னோக்கி இழுக்கிறது, பின்சுழற்சியைப் பற்றிக்கொண்டு மேலே உயர்த்தியும் விடுகிறது. காற்று மெலிந்தால் இழுவை குறைகிறது. உயர்த்தும் விசையும் அதே அளவு குறைகிறது. 115 மைல் வேகத்தில் வீசுபவரின் பந்துக்கு உயர்த்துவிசை தேவைக்கும் மிஞ்சியே இருக்கும். குறைந்தால் அவருக்கு நன்மை. 85 மைலில் வீசுபவரின் பந்தோ கரையோரத்திலேயே மேலே நிற்கத் திணறுகிறது. உயர்த்துவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், ஏற்கெனவே குறைவாக இருந்ததில் இன்னும் ஆறில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்கிறது. பந்து தாழ்வாகச் சென்று சீக்கிரம் விழுகிறது. காய்ந்த தரையில் விழுந்தால் உருண்டாவது ஓரளவு ஈடுசெய்யும். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிய பிறகு, ஈரம் ஊறிய நுவரெலியா ஃபெயர்வேயில் (டீக்கும் குழிக்கும் இடையே புல் வெட்டிய பாதையில்) தாழ்வாக விழும் பந்து, சேற்றில் போட்ட கல்லைப் போல விழுந்த இடத்திலேயே இருக்கும். அந்த மாதங்களில் காற்றில் பறந்த தூரம் மட்டுமே தூரம்.

ஆகவே, லொஃப்ட் எனப்படும் முகச்சாய்வைத் தேர்வதில் மலையகத்து மிதமான வீச்சுக்காரர் துணிச்சலாக மேல் எண்ணை நோக்கிப் போக வேண்டும். 85 மைலை ஒட்டிய வேகத்துக்குப் பந்து 13 முதல் 15 பாகைக் கோணத்தில் புறப்படுவது நல்லது. நான் மேலே சொன்ன தொழில்முறைப் பெண்களின் சராசரிப் புறப்பாட்டுக் கோணம் 13 பாகையை ஒட்டியது, ஆண்களுடையது 11 பாகைக்கு அருகில். இதற்கு 9 பாகை டிரைவர் சரிப்படாது. 10.5 பாகையைத் தொடக்கமாக வைத்து, வேகம் 85க்குக் கீழே என்றால் 12 பாகையையும் கூச்சமின்றி எடுத்துப் பார்க்கலாம். கூச்சம் என்று சொல்லக் காரணம் உண்டு: குறைந்த பாகை ஆண்மைக்கு அடையாளம் என்றொரு நம்பிக்கை நம்மிடையே ஊறியிருக்கிறது. எனக்கும் இருந்தது. டுபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்த 9 பாகை டிரைவரை, விறைப்பான தண்டோடு இரண்டு ஆண்டுகள் வைத்துக்கொண்டு போராடினேன். பந்து வேலியைத் தாண்டும் முயல் போலத் தாவித் தாவி ஓடியதே தவிரப் பறக்கவில்லை. வீச்சில்தான் ஏதோ குறை என்று நினைத்து, வீச்சையும் கெடுத்துக்கொண்டேன்.

முகச்சாய்வு கூடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாய்வு கூடக்கூடப் பின்சுழற்சியின் பங்கு கூடுகிறது, பக்கவாட்டு வளைவு குறைகிறது. 9 பாகையில் மரத்துக்குள் போகும் அதே பிழை, 12 பாகையில் ஃபெயர்வேயின் ஓரத்தில் நிற்கலாம். சைப்பிரஸும் யூக்கலிப்டஸும் இருபக்கமும் நெருங்கி நிற்கும் நுவரெலியாவில், ஓரத்தில் நிற்பதும் மரத்துக்குள் போவதும் ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசம், அதாவது பந்தை ஒருமுறை கூடுதலாக அடிக்க வேண்டிவரும். மொத்த நீளம் 6,000 கஜத்துக்கும் குறைவான அந்த மைதானம் உங்களிடம் நீளத்தைவிட நேர்மையையே கேட்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது.

ஒரு பொறியையும் இங்கே குறிப்பிட வேண்டும். மெல்லிய காற்றில் பக்கவாட்டு வளைவும் குறைவு. நுவரெலியாவில் நேராகப் போவதாகத் தோன்றும் டிரைவரை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு இறங்கி, தண்டவாளம் குறுக்கே ஓடும் ரோயல் கொழும்பு மைதானத்தில் அடித்தால் அதே அடி வலப்பக்கம் நன்றாக வளைவதைக் காணலாம். திகனைக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் உள்ள மைதானம் இரண்டுக்கும் நடுவில், உயரத்தில் கொழும்புக்கே நெருக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் எங்கே ஆடுகிறீர்களோ அங்கேயே சோதித்து வாங்குவதுதான் முறை.

ஈர்வை மையம் எங்கே இருக்கிறது என்பதும் விற்பனைப் பேச்சில் வரும். சுருக்கமாக: மையம் தாழ்வாகவும் முகத்திலிருந்து பின்தள்ளியும் இருந்தால் பந்து எளிதில் எழும்பும், தலையும் நிலைத்து நிற்கும்; மிதமான வீச்சுக்கு அதுவே ஏற்றது. மையம் முகத்துக்கு அருகில் முன்தள்ளப்பட்ட "குறைசுழற்சி" வகைத் தலைகள் வேகமாக வீசுபவர்களுக்கானவை. பெயர் கவர்ச்சியாக இருந்தாலும் நமக்கு அவை தாழ்ந்த பந்தையே தரும். எடையைக் குதிப்பக்கம் வைத்து, முகம் எளிதில் மூடும்படி செய்த "ட்ரோ" வகைத் தலைகளைப் பற்றி எனக்கு அரைமனதுதான். வலப்பக்கம் நிரந்தரமாக வளைபவருக்கு அவை உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முகம் மிக அதிகமாகத் திறந்து வருபவருக்கு அந்த உதவி போதாது. சில நாள் இடமும் சில நாள் வலமும் அடிப்பவருக்கு அது உபத்திரவமாகவே முடியும். கழுத்திலுள்ள திருகைத் தளர்த்திச் சாய்வை மாற்றும் வசதி இப்போது பரவலாக உண்டு. அதில் சாய்வைக் கூட்டினால் முகமும் சிறிது மூடும், குறைத்தால் திறக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வலப்பக்கம் வளைபவருக்குக் கூட்டுவதே இருமடங்கு லாபம்.

மிச்சமான பணம் தண்டுக்குப் போக வேண்டும். கடையில் தொங்கும் டிரைவரின் நீளம் பெரும்பாலும் 45.5 அங்குலத்துக்கும் 46 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. தண்டு நீண்டால் தலையின் வேகம் கூடும் என்பது கணக்கில் உண்மை. ஆனால் நீண்ட தண்டால் நடுவில் அடிப்பது கடினம். பந்தை நடுவில் அடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் 45 அங்குலத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வைத்துக்கொள்கிறார்கள் என்றால், வாரத்துக்கு ஒருமுறை ஆடும் நாம் அவர்களைவிட நீளமான தண்டை ஏன் பிடிக்க வேண்டும்? அரை அங்குலமோ ஓர் அங்குலமோ குறைத்தால் பவுடர் வட்டங்கள் நெருங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குறைத்ததும் தலை எடையற்றதுபோலக் கையில் தோன்றும். அரை அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 கிராம் ஈய நாடாவைத் தலையின் அடியில் ஒட்டினால் பழைய உணர்வு திரும்பிவிடும். வெட்டுவதற்கு முன், பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இருபது பந்துகளாவது அடித்துப் பாருங்கள். வெட்டிய தண்டு வளராது.

தண்டின் விறைப்பைக் குறிக்கும் ஆர் (இடைநிலை), எஸ் (விறைப்பு), ஏ (இளக்கம்) போன்ற எழுத்துகளை முழுமையாக நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான தரநியமம் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஆர் மற்றொன்றின் எஸ் போல இருக்கலாம். 85 மைலை ஒட்டியவர் ஆர் வகையிலும் அதற்கும் நன்கு கீழே உள்ளவர் ஏ வகையிலும் தொடங்கி, எடை 50 கிராமை ஒட்டிய தண்டுகளைக் கையில் வீசிப் பார்த்துத் தெரிவது போதும். மூடுபனி இறங்கும் ஊரில் பிடியின் உறைக்கும் ஒரு பங்கு உண்டு. ஈரத்தில் வழுக்கும் பழைய உறையை நாம் அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம்; இறுக்கிய கைகளோடு முகம் திறந்தே வருகிறது. டிரைவரையே மாற்ற நினைத்த ஒருவருக்குப் புதிய உறை மட்டும் போதுமானதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பரின் மட்டைக்குத் திரும்புவோம். அடிவிளிம்பில் பட்ட மூன்று வட்டங்களுக்கும் மட்டையைக் குறை சொல்ல முடியாது. முகத்தின் கீழே படும் பந்து தாழ்ந்து புறப்பட்டு, அதிகச் சுழற்சியோடு தூரத்தை இழக்கும். அதற்கு முதல் மருந்து டீயின் உயரம். பந்தில் பாதி, தலையின் மேற்பரப்புக்கு மேலே தெரியும்படி டீயை உயர்த்திவிட்டு, பந்தைச் சற்று முன்காலின் பக்கம் வைத்தால், தலை ஏறுமுகமாக வந்து அடிக்கும். தொழில்முறைப் பெண்கள் சராசரியாக 3 பாகை ஏறுமுகமாகவே அடிக்கிறார்கள். ஆண்கள் ஒரு பாகை இறங்குமுகமாக அடிக்கிறார்கள், அவர்களுக்கு வேகம் இருக்கிறது. கெடி பையிலிருந்து நீளமான டீ ஒன்றை எடுத்து ஊன்றினார். நண்பர் ஓர் அங்குலம் கீழிறக்கிப் பிடித்துக்கொண்டு, புதிதாகப் பவுடர் தூவிய முகத்தால் மறுபடி பத்துப் பந்துகளை அடித்தார். நடுவை ஒட்டி ஆறு வட்டங்கள். குதிப்பக்கம் இன்னும் மூன்று இருந்தன, நுனியில் ஒன்று. அடிவிளிம்பில் எதுவும் இல்லை. குதிப்பக்கத்து அந்த மூன்றைப் பொறுக்கத்தான் அவருக்குப் பெரிய தலையும் 12 பாகைச் சாய்வும் தேவைப்பட்டன. மறுவாரம் அவர் வாங்கியது, முகத்தில் சிறு கீறல்கள் விழுந்திருந்த, முன்பு வேறொருவர் பாவித்த ஒரு டிரைவரை.